மைக்கு மாமாவின் முன்பல்

கடலூர் முதுநகரில் கடல் இரைச்சலை நிறுத்தினாலும் நிறுத்தும். மைக்கு மாமா நிறுத்தமாட்டார். பேச்சுப் போட்டிகளில் மேடை மேடையாக ஏறிக் கோப்பைகள் வாங்கியவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: ஒலிபெருக்கிக்கென்றே பிறந்த குரல் ஒன்று உண்டென்றால் அது அவருடையதே. ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அது பங்குச் சாமியாருக்கே மறந்துபோய்விட்டது.

அவர் தொழில் விளம்பர ஆட்டோவில் அறிவிப்புச் செய்வது. கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். முன்னிருக்கையில் வண்டியை ஓட்ட அவர் மனைவியின் தம்பி சவரி. பின்னிருக்கையில் மைக்கும் மாமாவும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மாதா கோயில் கொடியேற்றம், குடிநீர் வராத தெருக்கள், காணாமல் போன வெள்ளாடு எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊர் நம்பும். ஒருமுறை அவர் ஆட்டை அறிவித்த உருக்கத்தில், ஆட்டைப் பிடித்துக் கட்டியிருந்தவரே அழுதுகொண்டு அவிழ்த்து விட்டார்.

இக்காலத்தில் எல்லோரும் ஒருமுறை பேசிப் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு, நாள் முழுவதும் ஓடவிடுகிறார்கள். மாமாவுக்கு அது பெரும்பாவம். "அது இன்னாடா, செத்த கொரலு! எதுர்ல ஒருத்தரு வந்தா அவரைப் பாத்துப் பேசுமா அது?" என்பார். அவர் பேசுவார். "அறுபது சதவீதத் தள்ளுபடி! குடையோட போற சாரே, உங்களுக்கும்தான்!" என்று அவர் அறிவித்தால் அந்தச் சார் கடைக்குள் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு விந்தையான கொள்கை இருந்தது. வாயிலுள்ள ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எழுத்தை ஒப்படைத்திருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். "கடவாய்ப் பல்லெல்லாம் 'ர'னாவுக்கு. கீழ்வரிசை 'த'னாவுக்கு. இந்த முன்பல்லு இருக்கே, இது ஹெட் ஆபீசு மாப்ள. இது போனா மொத்த எழுத்தும் போயிடும்." அந்தத் தலைமை அலுவலகம் கருத்துப்போய் இருந்தது. சிப்காட் சாலையின் வேகத்தடையொன்றில் சவரி ஆட்டோவைத் துள்ளவிட்டபோது, இரும்பு மைக் போய் மாமாவின் முன்பல்லில் மோதிய நாளிலிருந்தே அந்த நிறம்தான். மீசையைச் சற்று நீள வளர்த்து அதை மறைத்து வந்தார்.

சிதம்பரத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடத்த வந்தார். அறிவிப்புப் பொறுப்பு மாமாவுக்கு. அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு. சிதம்பரம் கல்லூரியில் படிக்கும் நான், அடுக்குமொழியில் பின்னி எழுதினேன்: "சொத்தை சிறிதாய் இருக்கையிலே அடைத்துவிடலாம், நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை செய்துவிடலாம், பல்லைச் சுத்தம் செய்தால் ஆடும் என்பது வீண்பேச்சு, ஈறுகளில் இரத்தம் வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை!" மாமா அத்தனையையும் முழங்கிவிட்டு, இறுதியில் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்: "பயப்படாதீங்க! பயந்தவன் பல்லு பாழு! வலிக்கவே வலிக்காது, நான் கேரண்டி!"

அந்த கேரண்டிக்காரர் பல் மருத்துவரின் வாசற்படியை வாழ்நாளில் மிதித்ததில்லை.

முகாமுக்கு முதல்நாள் புவனகிரியில் அறிவிப்பு. மறுநாள் காலை முதுநகரில் நான் என் எழுத்து ஒலிப்பதைப் பெருமிதத்தோடு கேட்பதற்காகவே மீன் அங்காடியருகே நின்றேன். ஆட்டோ வந்தது. "புவனகிரி வாழ் பெருமக்களே! வெள்ளாற்றங்கரைத் தாய்மார்களே!" என்று குரல் முழங்கியது.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் செல்வி அக்கா கூடையை இறக்கினார். "ஏ மைக்கு! வெள்ளாறு எப்பய்யா இங்க வந்துச்சி? ராத்திரி பஸ்ல ஏறி வந்துச்சா?"

ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தோம். மாமா மைக்கை வாயருகே பிடித்திருந்தார், தலையைக்கூட ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசையவில்லை. மீசைமேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கினால் மேலுதடு பன்னைப் போல வீங்கியிருந்தது. புவனகிரியில் பேசியதைச் சவரி கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்திருக்கிறார். ஊர்ப்பெயர் அதற்குள் இருந்ததை மறந்துவிட்டார்.

"பேசாம இனிமே பென் டிரைவே போட்டுக்கலாம் மாமா," என்றார் சவரி. "பின்சீட்ட எடுத்துட்டா நாலு மூட்டை வேற ஏத்தலாம்."

மாமா பின்னிருக்கையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். பல் வலித்ததைவிட அந்தச் சொல் அவருக்கு அதிகமாக வலித்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

செல்வி அக்காவும் சவரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை முகாமில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளையாய் வெந்திருந்தது.

"இங்க என்ன வெச்சீங்க?"

"வலி மாத்திரை," என்றார் சவரி. "பொடி பண்ணி ஈறுலயே அப்பிட்டாரு. ஸ்பீடா வேலை செய்யும்னு."

"மாத்திரையை முழுங்கணும்ங்க. ஈறுல வெச்சா சுட்டுடும். இந்தப் பல்லுல எப்ப அடிபட்டுது?"

சவரி தலையைச் சொறிந்துகொண்டே வேகத்தடைக் கதையைச் சொன்னார். "அப்ப ஒரு வாரம் வலிச்சிது டாக்டர். அப்புறம் மாதா புண்ணியத்துல தானா நின்னுடுச்சி."

"ஆறிப்போயி நிக்கல. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சி, அதான் நின்னுச்சி. பல்லு கருத்ததும் அதனாலதான். செத்தது அங்கயே கெடந்து இப்ப வேர் நுனியில சீழ் புடிச்சிருக்கு."

மாமா விரல்களால் பிடுங்குவதுபோல் சைகை காட்டினார், கண்கள் நிறைந்துவிட்டன.

"எதுக்குப் புடுங்கணும்? வேர் நல்லாத்தான் இருக்கு. உள்ள கெட்டதை எடுத்து, கழுவி, மருந்து வெச்சி அடைச்சிடலாம். அப்புறம் மேல ஒரு கேப். உங்க பல்லு உங்க வாயிலயே இருக்கும். இப்பிடியே உட்டீங்கன்னாதான் சுத்தி இருக்கிற எலும்பு கரையும். அப்ப புடுங்கித்தான் ஆவணும்."

வீக்கம் வடிய மாத்திரை எழுதிக்கொடுத்து, சிதம்பரம் கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

குறித்த நாளில் கல்லூரி முடிந்து நானும் அங்கே போனேன். காத்திருக்கும் அறை முழுவதும் மாமாவின் அறிவிப்பைக் கேட்டு வந்த கூட்டம். மாமாவோ ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துவிட்டிருந்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் மாப்ள."

ஈறுகளைச் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்த செல்வி அக்கா வாசலை மறித்தார். "எங்க ஓடற? பயந்தவன் பல்லு பாழுன்னு நீதான கத்துன? நீ கேரண்டி குடுத்துத்தான நாங்க வந்து குந்தியிருக்கோம்? நீ போனா நாங்க எல்லாரும் எழுந்து போயிடுவோம், பாத்துக்க!"

அறையே அவரைப் பார்த்தது. தம் சொல்லைக் கேட்டு வந்த கூட்டத்தின்முன் பின்வாங்கும் பேச்சாளன் உலகில் இல்லை. மாமா செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார்.

வலிக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார். முதல்கட்டம் முடிந்து வெளியே வந்தவர், கைமுட்டியை மைக்காகப் பிடித்துத் தம் வழக்கமான சோதனையைச் செய்தார். "ஹலோ... ஐக் டெஸ்டிங்..." அவர் முகம் வெளுத்தது. மறுபடி முயன்றார். "ஐக்... ஐக்..." என் தோளைப் பற்றினார். "ஓச்சிடா! எல்லாம் ஓச்சி!"

ஊசியால் மரத்துப்போன உதடு கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். அதை அவர் காது கேட்டிருந்தால்தானே! எதிரணியை எத்தனையோ முறை மடக்கிய என் நாவன்மை அன்று ஒரு மனிதரைத் தேற்றப் பயன்படவில்லை. மூவரும் கடலூர்ப் பேருந்தில் ஏறினோம். மாமா சன்னலோரம் உட்கார்ந்தார். செல்வி அக்கா என்னிடம் கிசுகிசுத்தார்: "பாவம்டா. ரொம்ப ஜாஸ்தியா ஓட்டிட்டேனா?"

பி.முட்லூர் வந்தது. நடத்துனர் ஊர்ப்பெயரைக் கூவ, மாமாவும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஈ.உட்லூர்." தலையைக் குனிந்துகொண்டார். புதுச்சத்திரம் வந்தது. "உதுச்சத்திரம்." ஆனால் உதட்டைத் தடவிப் பார்த்தார்; ஏதோ எறும்பு ஊர்வதுபோல் இருந்ததாம். ஆலப்பாக்கத்தில் 'ப'னா பாதி வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் அவர் கண்ணை இமைத்ததாகவே எனக்கு நினைவில்லை.

"செம்மங்குப்பம்!"

பேருந்தே திடுக்கிட்டுத் திரும்பியது. ஒரு மெய்யெழுத்துக்கூடச் சிதையாமல், முழுதாக, முரசாக வந்தது குரல். மாமா எழுந்து நின்றார். "செம்மங்குப்பம்! செம்மங்குப்பம் எறங்குறவுங்க எல்லாம் முன்னாடி வாங்க! நீல சட்டைத் தம்பி, தூங்காத, உங்க ஊருதான்!"

"யோவ், கண்டக்டர் நானா நீயா?" என்றார் நடத்துனர்.

"உடுங்க சார்," என்று செல்வி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கி ஒருநாளு."

நடத்துனர் சிரித்துக்கொண்டே விசிலை மட்டும் ஊதினார். சிப்காட்டை மாமா அறிவித்தார். அங்கே யாரும் இறங்கவில்லை, ஆனாலும் இருமுறை அறிவித்தார். அடுத்து முதுநகர். எங்கள் மூவருக்கும் அதுவே நிறுத்தம். "முதுநகர்! மீன் மணக்கும் முதுநகர்!" என்று முழங்கி, வயதானவர்களைப் பார்த்து இறங்கச் சொல்லி, செல்வி அக்காவின் கூடையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தாமும் இறங்க வேண்டும் என்பதையே மறந்து படியருகில் நின்றுவிட்டார்.

பேருந்து நகர்ந்தது. நான் அவருக்கு நினைவூட்டவில்லை. முதுநகருக்கு அப்பாலும் சில நிறுத்தங்கள் இருந்தன. அவற்றையும் அவர் வாயால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.