தொண்டை கட்டிய தவளை

உலகத்திலேயே திட்டு வாங்கிவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு மாடி அறைக் 'கொய்ங்'தான். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. நாளெல்லாம் அந்த அறையிலிருந்து வந்த சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது.

பழைய வீடியோ கேம் சிப்புகளுக்கு ஒலி தயாரிப்பது அவர் தொழில். கம்ப்யூட்டர் திரையில் முப்பத்திரண்டு புள்ளிகளால் ஒரு அலை வரைவார். சிப் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டும். ஒரு புள்ளியை ஏற்றினால் 'கொய்ங்', இறக்கினால் 'கொர்ங்'. என்ன வித்தியாசம் என்று கேட்டால் தொலைந்தோம், காபி ஆறும்வரை விளக்குவார். மயிலாடுதுறை பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது அவருக்கு மூன்றாவது வீடு. இதையும் விட்டால் வேறு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள்.

அது குறுவை அறுப்பு முடிந்த சமயம். ரோடு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொய்ங்குக்கோ அந்த வாரம் ஒரு விளையாட்டுக்குத் தவளை தேவைப்பட்டது. ஹெட்போனில் அடித்தொண்டை கேட்கவில்லை என்று மைக்செட்காரரிடம் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கி, ஜன்னலோரம் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஒரு குளமே கத்தியது.

"மழை வருதுடா! மூடு, மூடு!"

தெருவே தார்ப்பாயோடு ஓடியது. நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கு ஒரு மணி நெல்கூடக் கிடையாது. மூடி முடித்து நிமிர்ந்தால் வெயில் சுளீரென்று அடிக்கிறது!

வீட்டுக்காரர் மாடிப்படியை அதிர வைத்துக்கொண்டு ஏறினார். சண்டையை விலக்க நானும் பின்னால் போனேன்.

"தம்பி, நாளைக்கே ரூமைக் காலி பண்ணுங்க!"

"ஐயா, நெசமாவே தவளைன்னு நெனச்சீங்களா?"

"நெனைக்காமலா ஓடினேன்?"

கொய்ங் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். வீட்டுக்காரர் திகைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொய்ங் தவளையை மறுபடி ஓட்டிக் காட்டியதும், "ஆனா ஒண்ணு, முடிக்கிற எடத்துல தகர டப்பா சத்தம் வருது" என்றார்.

கொய்ங் இரண்டு புள்ளிகளை இறக்கினார். "இப்ப?"

"இன்னும் தொண்டை கட்டணும்."

கீழிருந்து அவர் மனைவி கத்தினார்: "காலி பண்ணச் சொல்லிட்டீங்களா?"

"இருடி, தவளை இன்னும் சரியா வரல!"

இப்போது கொய்ங் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார். தெரு அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவே இல்லை. அறை கேட்டு யார் வந்தாலும் வீட்டுக்காரர், "ஆள் இருக்காங்க" என்கிறார். பக்கத்தில் நிற்கும் நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.