மூணு கொட்டேஷன் வாங்கிய கீபோர்டு

ஒரே கடையில் ஒரே முறை விலை கேட்டு எந்தப் பொருளையும் வாங்கியிராத மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரே ஒருவர்தான் வாழ்ந்திருக்கிறார். அவர் என் பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘மூணு கொட்டேஷன்’. அவசரத்துக்குக் கொட்டேஷன்.

நாங்கள் இருவரும் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தோம். குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை எது வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு, உறைகளைப் பிரித்து, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, அதன் பிறகே வாங்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் சாயங்காலம் அந்த விதியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கொட்டேஷன் அதையும் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறுவார்.

நானும் லேசுப்பட்டவன் அல்ல. என் மேசையைத் தாண்டிய எந்தக் கோப்பும் என்னுடைய ஆட்சேபக் குறிப்பு ஒன்று இல்லாமல் மேலே போனதில்லை. குறை எதுவும் அகப்படாவிட்டால், நாடா சரியாகக் கட்டப்படவில்லை என்றாவது எழுதுவேன். அப்படிப்பட்ட என்னையே அவர் களைப்படைய வைத்தார்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். எந்த டாக்டரிடம் போவது என்று மூன்று டாக்டர்களின் கட்டணம், காத்திருக்கும் நேரம், பஸ் நிறுத்தத்திலிருந்து தூரம் எல்லாவற்றையும் விசாரித்துப் பட்டியல் போட்டார். பட்டியல் முடிவதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. அடியில் சிவப்பு மையில் ‘தேவை எழவில்லை. கோப்பு மூடப்படுகிறது’ என்று எழுதி, தேதியும் போட்டு, வேலைக்கு வந்துவிட்டார்.

அவருடைய மனைவி வசந்தா ஒரு பள்ளியில் சங்கீத ஆசிரியை. நான் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது காபியை வைத்துவிட்டு அந்த அம்மாள் தன்னை இப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார்.

“நான் ரெண்டாவது கொட்டேஷன் சார். மொதல் பொண்ணோட ஜாதகம் கடைசித் தேதிக்குள்ள வந்து சேரல.”

“மூணாவது?”

“கையெழுத்து இல்லாம வந்துதாம். நிராகரிச்சுட்டார்.”

கொட்டேஷன் மறுக்கவில்லை. விதிப்படி நடந்திருக்கிறது, மறுக்க என்ன இருக்கிறது?

இந்த மனிதருக்குத்தான் தொண்ணூறுகளின் நடுவில் கீபோர்டு ஆசை வந்தது. ஒருநாள் கேன்டீனில், வடையைச் சாம்பாரில் முக்கிய நிலையிலேயே அப்படியே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“சார், எனக்கு மெட்டு வரும்.”

“எங்கே வரும்?”

“தலையில. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே வரது. நன்னாவும் இருக்கு. ஆனா தொண்டைக்கு வரதுக்குள்ள ட்ரான்சிட்ல டேமேஜ் ஆயிடறது.”

அது எனக்குத் தெரியும். அவர் முணுமுணுத்தால் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

“வசந்தா கிட்ட பாடிக் காட்டினா, ‘இது என்ன ராகம்ன்னா? ஒண்ணுமே பிடிபடலையே’ங்கறா. அவ பொய் சொல்ல மாட்டா. என் தலைக்குள்ள இருக்கறத அவ ஒரே ஒரு தடவ, டேமேஜ் இல்லாம, அப்படியே கேக்கணும். கேட்டுட்டு நன்னாருக்குன்னு சொல்லணும். நன்னால்லேன்னாலும் சரி. ஆனா சரக்கப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”

“அவங்க பள்ளிக்கூடத்துல ஹார்மோனியம் இருக்கே. ஒரு ஞாயித்துக்கிழமை போய் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. “நிறுவனச் சொத்த சொந்த உபயோகத்துக்கா? நீங்களா சார் சொல்றேள்?”

நான் வெட்கப்பட்டு வடையைப் பார்த்தேன்.

அன்று தொடங்கிய கொள்முதல் இரண்டே முக்கால் வருடம் நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு, ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டு, அவர் அனுப்பிய கடிதங்களைப் பார்த்து அந்தக் கம்பெனிகள் என்ன நினைத்தனவோ, பளபளக்கும் விலைப்பட்டியல்களை அனுப்பிவைத்தன. அதில் ஒன்றில்தான் ‘மிடி கீபோர்டு கன்ட்ரோலர்’ என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. வீட்டிலேயே இசையமைப்பவர்கள் பயன்படுத்துவது என்று போட்டிருந்தது.

“கன்ட்ரோலர் சார். நம்ம டிபார்ட்மென்ட்ல அது எவ்வளவு பெரிய போஸ்ட்” என்றார் பக்தியுடன். இசையமைப்பாளர்கள் வாங்குகிற சாமானையே வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

பிறகு நிபந்தனைகளை எழுத உட்கார்ந்தார். கட்டைகள் அறுபத்தொன்று இருக்க வேண்டும். நாற்பத்தொன்பது என்றால் இரண்டு கையும் இடித்துக்கொள்ளும். எண்பத்தெட்டு என்றால் பீரோவை விற்க வேண்டும். நீளம் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே முப்பத்தொன்பது அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். மெல்ல அழுத்தினால் ஒரு மாதிரியும் ஓங்கி அழுத்தினால் வேறு மாதிரியும் அதற்குப் புரிய வேண்டும். சாயங்காலம் வசந்தாவிடம் பாட்டுக் கற்க வரும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதால், ஒரே ஆள் தூக்கி நிமிர்த்தி வைக்கும் எடையில் இருக்க வேண்டும். பிளக் பாயின்ட் இடது பக்கம் என்பதால் ஒயர் இடது பக்கம் வர வேண்டும். கேட்காமலே டிரம் அடிக்கிற பொத்தான் இருக்கக் கூடாது. கட்டைகளின் இடுக்கில் கரப்பான் புகக் கூடாது. மொத்தம் முப்பத்தேழு நிபந்தனைகள்.

நான் அதைப் பரிசீலித்து, பத்தொன்பதாவது நிபந்தனையில் தூசு உறையின் நிறம் குறிப்பிடப்படவில்லை என்று ஆட்சேபம் எழுதினேன். பழுப்பு என்று சேர்த்தார்.

இதற்கிடையே, மலிவான கீபோர்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, அறுபத்தொரு கட்டைகளையும் அசல் அளவில் பழுப்புக் காகிதத்தில் வரைந்து, ச ரி க ம எழுதி, அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். காகிதம் அவர் சொந்தச் செலவு என்பதற்கு ரசீது இருந்தது. மதிய இடைவேளை முழுவதும் அதன்மேல் விரல் ஓட்டுவார். முகம் மட்டும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர், இந்த வயதில் டைப்பிங் பழகுகிறார் என்று நினைத்து மற்றவர்களுக்கு அவரை உதாரணமாகக் காட்டினார்.

கடைசியில் மூன்று கடைகளிலிருந்து விலை வந்தது. தியாகராய நகர்க் கடைக்காரர் உறையை ஒட்டாமல் அனுப்பியிருந்தார்; நிராகரிப்பு. மவுண்ட் ரோடு கடையின் கீபோர்டில் டிரம் பொத்தான் இருந்தது, நிராகரிப்பு. மிஞ்சியது சிந்தாதிரிப்பேட்டையில் ஆம்ப்ளிபயர், கீபோர்டு எல்லாம் பழுது பார்த்து விற்கும் ஒரு பாயின் கடை. ஒரு சனிக்கிழமை காலை பரிசோதனைக்கு அவரும் நானும் போனோம்.

கொட்டேஷன் ஸ்கேலை எடுத்துக் கட்டை கட்டையாக அளந்தார். பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் கீபோர்டை எடை போட்டார். பாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இன்னா சார், கீபோர்டு வாங்க வந்தீங்களா, அதுக்கு சொக்கா தைக்க வந்தீங்களா?”

“பாய், கொஞ்சம் பேசாம இருங்கோ.”

“அதில்ல சார். வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் கீது, அத்த சொல்லிட்றேன். இது இன்னான்னா...”

“மதிப்பீடு நடக்கறச்சே சப்ளையர் வாயத் திறக்கப்படாது பாய். செல்வாக்கு செலுத்தினதா ஆயிடும்.”

பாய் என் பக்கம் திரும்பினார். “கட என்னுது, வாயும் என்னுது. பேசக் கூடாதுன்றாரே, இன்னா நைனா இது?”

“விதி அப்படித்தான் பாய்” என்றேன். உண்மையிலேயே விதி அப்படித்தான்.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்தாறாவது நிபந்தனைக்கு எதிரே டிக் போட்டார். நான் மெதுவாகக் கேட்டேன், “ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடலாமே?”

“வேண்டாம் சார். மொதல்ல கேக்க வேண்டியது அவ. நாமளே கடைல கேட்டுட்டா அப்பறம் அவளுக்கு என்ன இருக்கு?”

இதற்கு என்னிடம் ஆட்சேபம் இல்லை. பரிசோதனைச் சான்றிதழில், ‘எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, விதியை நினைத்து மூடிக்கொண்டு, பழுப்புத் துணியில் கீபோர்டைச் சுற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பாட்டு வகுப்புக்கு விடுமுறை. வசந்தா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கீபோர்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தார். எனக்கு ஸ்டூல். கொட்டேஷன் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் வாசிக்க ஆரம்பித்தார்.

கட்டைகள் டொக் டொக் என்று இறங்கி ஏறின. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் கீரைக்காரி போனது தெளிவாகக் கேட்டது.

“ஏன்னா, சுவிட்ச் போட்டேளா?”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். கட்டையை ஓங்கி அழுத்தினார். பிறகு பையிலிருந்து நிபந்தனைப் பட்டியலை எடுத்து, ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை விரல் வைத்துப் படித்தார். நானும் அவர் தோள்வழியாகப் படித்தேன். எடை இருந்தது, நீளம் இருந்தது, கரப்பான் இருந்தது, தூசு உறையின் நிறம்கூட இருந்தது. சத்தம் வர வேண்டும் என்று நாங்கள் இருவரும் எங்கேயும் எழுதவில்லை.

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். “நான் கேக்கவே இல்லையே” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். வசந்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் தனியாகப் பாயைப் போய்ப் பார்த்தேன்.

“அத்த தான் சார் அன்னிக்கே சொல்ல வந்தேன். இதுக்குள்ள சத்தமே கெடையாது. ஒரு கம்ப்யூட்டர் வச்சு, அதுல சவுண்ட் கார்டு போட்டா, இது அதுக்கு ஆர்டர் குடுக்கும். இது ஆர்டர் மட்டுந்தான் போடும் சார். வேலைய வேற எவனாச்சும் செய்யணும்.”

எனக்கு உடனே புரிந்தது. முப்பது வருடமாக நான் அப்படிப்பட்ட கன்ட்ரோலர்களின் கீழ்தான் வேலை பார்த்தேன்.

“பரவால்ல, எத்துக்கினு வரச் சொல்லு சார். சத்தம் போட்ற கீபோர்டா மாத்திக் குடுக்கறேன். அவரு மூஞ்சப் பாத்தா பாவமா கீது.”

கொட்டேஷன் சம்மதிக்கவில்லை. “நிபந்தனைப்படி சப்ளை பண்ணின பொருள எப்படி சார் திருப்பறது? பாய் மேல தப்பே இல்லையே. கேட்டவன் மேலன்னா தப்பு.” கம்ப்யூட்டருக்கும் சவுண்ட் கார்டுக்கும் புதிதாக ஒரு கோப்புத் திறந்தார். மூன்று கடைகளுக்குக் கடிதம் போயிற்று. அவருடைய வேகத்தில், அவர் ஓய்வு பெறுவதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிடும் என்று நான் கணக்கிட்டேன். ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம்.

ஆனால் மனிதர் மாறிவிட்டார். கேன்டீனில் முணுமுணுப்பதை நிறுத்தினார். கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டார். பக்கத்துப் பிரிவிலிருந்து வந்து அவருக்கு உடம்புக்கு என்ன என்று இப்போதுதான் நிஜமாகவே விசாரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மூன்று கடைகளின் பதில்களும் பழக்க தோஷத்தில் அலுவலகத்துக்கே வந்துசேர்ந்தன. அவர் அன்று விடுப்பு. சாயங்காலம் நானே எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனேன்.

மாடிப்படியிலேயே பாட்டுக் கேட்டது. வசந்தாவின் குரல். சொல் இல்லாமல் வெறும் ஸ்வரமாக ஏதோ ஒரு மெட்டு. இத்தனை வருடமாக அந்த வீட்டில் எத்தனையோ பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். இது அதில் எதுவும் இல்லை. கதவு திறந்திருந்தது. கொட்டேஷன் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கட்டைகள் டொக் டொக் என்றன. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், விரல் விழுந்த ஸ்வரத்தை எல்லாம் அந்த அம்மாள் பாடிக்கொண்டிருந்தார். பள்ளியில் தினமும் பிரார்த்தனைக்கு ஹார்மோனியம் வாசிப்பவருக்குக் கட்டையைப் பார்த்தால் போதுமே. இது எங்கள் மூவருக்கும் இரண்டு மாதம் தோன்றவில்லை.

அவர் நிறுத்தினார். “அந்த எடத்துல மேல ரி வரைக்கும் போகணும் வசந்தா. நீ கீழயே நின்னுட்ட.”

“உங்க விரல்னா நின்னுது. நான் விரலத்தானே பாட முடியும்? ஆரம்பத்துலேர்ந்து வாசிங்கோ.”

ஆரம்பத்திலிருந்து வாசித்தார். இம்முறை மேலே போனார். குரலும் கூடவே போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது. நான் வாசற்படியில் செருப்புடன் நின்றிருந்தேன்.

முடிந்ததும் அந்த அம்மாள் கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு, “இதையா இத்தன வருஷமா அந்தக் குரல்ல பாடிண்டிருந்தேள்?” என்றார். “நன்னாருக்குன்னா.”

கொட்டேஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அத எழுத்துல குடுத்துடேன்.”

“குடுக்கறேன். மொதல்ல சாருக்குக் காபி குடுக்கறேன்” என்று எழுந்து உள்ளே போனார்.

நான் மூன்று உறைகளையும் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். மூன்றும் சரியாக ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றையும் பிரிக்காமல் கம்ப்யூட்டர் கோப்பில் வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, ‘தேவை எழவில்லை. கோப்பு மூடப்படுகிறது’ என்று எழுதி, என் ஒப்பத்துக்காக நீட்டினார்.

உறைகளைப் பிரிக்காமல் கோப்பை மூடுவது விதிக்கு முற்றிலும் முரண். அதில் பக்க எண்ணும் இல்லை, நாடாவும் கட்டவில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் ஆட்சேபம் ஒன்றும் எழுதாமல் நான் கையெழுத்திட்ட கோப்பு அது ஒன்றுதான்.