பேசப் பேசப் படம்

"இங்க நடக்கிற பேச்சை நீங்க படமா வரையணும்" என்றார் தாசில்தார் ஜெக்கரியா. "எல்லாம் முடிஞ்ச பிறகு இல்ல. பேசப் பேச வரையணும்."

பெரியநாயகசாமிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. ஆறாம் வகுப்புக்குக் கத்தரிக்காய் வரைந்துகொண்டிருந்தவரைத் தேடி, பள்ளிக்கூட வாசலில் சர்க்கார் ஜீப் வந்து நின்றால் வேறு என்ன நினைப்பது? ஹெட்மாஸ்டரும் என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்காமல், "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று கையைக் காட்டிவிட்டார். கீழ்வேளூர் பயணியர் விடுதிக்கு வந்து சேரும்வரை வழியெல்லாம் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் மெழுகுவர்த்தி ஒரு சாண் உயர்ந்தது.

கைது இல்லை, கௌரவம் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் ஓவிய வகுப்பு என்பது கணக்கு வாத்தியார் மிச்சப் பாடத்தை நடத்தி முடிப்பதற்காக இறைவன் படைத்த நேரம். அப்படிப்பட்ட ஓவிய வாத்தியாருக்குச் சர்க்காரே ஜீப் அனுப்பியிருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆட்சி மாறிய வருஷத்து ஐப்பசி. குறுவை முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அறுப்புக் கூலியில் மிராசுகளுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒத்துவரவில்லை. அரிவாள் எடுக்க ஆளில்லை. கிழக்கே வானம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. போன வருஷமும் இதே விடுதியில் பேசி, எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். அறுப்பன்றைக்குப் பெரிய மிராசு இராஜாங்கம், அப்படி ஒரு பேச்சே அந்தக் காகிதத்தில் கிடையாது என்று களத்தில் நின்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். காகிதத்தில் இருந்தது. அவர் இல்லை என்றார். மண்டைகள் உடைந்தன. இந்த வருஷமும் பேச்சு முறிந்தால் மறுநாள் ரிசர்வ் போலீஸ் வந்து இறங்கும். வந்தால் மண்டையோடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் சங்கத்துத் தலைவி பொன்னுத்தாய் காலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். "எங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்க. தெரியாத காயிதத்துல இனிமே கைநாட்டு வைக்க மாட்டோம். ஒத்துக்கிட்டதை எல்லாம் படமாப் போட்டுக் காட்டுங்க. பாத்துப் புரிஞ்சுக்கிட்டு வைக்கிறோம்."

அப்போது டீக் கிளாஸ்களோடு உள்ளே வந்த கடைக்காரர் லியாகத் அலிக்குத் திடீரென்று புரை ஏறி, தாசில்தாரின் மேசை மேல் பாதி டீயைக் கொட்டிவிட்டாராம். பாவம், இளகிய மனசு, அந்தப் பெண்ணை நினைத்து வருத்தம் என்று தாசில்தாரே பெரியநாயகசாமியிடம் சொன்னார்.

மிராசுகள் குதிப்பார்கள் என்றுதான் தாசில்தார் பயந்திருக்கிறார். ஆனால் இராஜாங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, "கேக்குறாங்கல்ல, போட்டுத் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டார். அவரே சொன்ன பிறகு மற்ற மிராசுகள் வாய் திறக்கவில்லை.

சுவரில் பழுப்புத் தாள்களை ஒட்டி ஒரு வேட்டி அகலத்துக்குக் கட்டியிருந்தார்கள். பெரியநாயகசாமி கரித்துண்டைக் கையில் எடுத்தார். வலப்பக்கம் மிராசுகள், இடப்பக்கம் சங்கம், நடுவில் தாசில்தார். முதலில் ஆட்களை வரைந்தார். கை தன்னால் ஓடியது.

"என் தொந்தி அவ்வளவு இல்லியே" என்றார் ஒரு மிராசு.

உண்மையில் அதைவிட அதிகம். ஆனாலும் வாத்தியார் தொந்தியின் மேல் ஒரு சால்வையைப் போர்த்தினார். உடனே மற்ற மிராசுகளும் சால்வை கேட்டார்கள். எல்லோருக்கும் போர்த்தினார். சங்கத்து ஆட்கள் எழுந்தார்கள். படத்திலும் அவங்களுக்குச் சால்வை, எங்களுக்கு வெறும் மேலா என்றார்கள். நியாயம்தானே என்று அவர்களுக்கு நாற்காலி போட்டார். எங்கள் முன்னால் அவர்களுக்கு நாற்காலியா என்று மிராசுகள் கொதித்தார்கள். வம்பே வேண்டாம் என்று எல்லா நாற்காலியையும் துணியால் துடைத்துவிட்டு அத்தனை பேரையும் நிற்கவைத்தார்.

"என் நாற்காலி எங்க?" என்றார் தாசில்தார்.

அவருக்கு மட்டும் ஒன்று போட்டதில் இரண்டு தரப்பும் முகத்தைச் சுளித்தன. அன்றைக்கு அவர்களுக்குள் ஏற்பட்ட முதல் ஒற்றுமை அதுதான்.

பிறகு வேலை நேரம் வந்தது. பொழுது கிளம்பும்போது வயலில் இறங்குவது, வெள்ளி முளைக்கும் முன்னால் கரையேறுவது என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். பெரியநாயகசாமி குஷியாகி, இரண்டு மேட்டுக்கு நடுவே சூரியன் எழும்புவதாக அழகாக வரைந்து, கதிர்களையும் நீட்டிவிட்டார்.

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். சர்க்கார் ஒப்பந்தத்தில் ஆளுங்கட்சிச் சின்னம் எப்படி வரலாம்? இது சூரியன்தான், தினமும் வருகிற சூரியன் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். தினமும் வரட்டும், படத்தில் வரக்கூடாது என்றார்கள்.

சூரியனைத் துடைத்துவிட்டு, கரையேறும் நேரத்துக்கு அடையாளமாக ஒரு நட்சத்திரம் போட்டார். மிராசுகளில் ஒருவர் துள்ளி எழுந்து, எங்க கட்சியை மறக்காம இருந்தீங்களே என்று வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நட்சத்திரமும் போயிற்று. சரி, அறுப்பைக் காட்டுவோம் என்று ஒரு நெற்கதிரும் பக்கத்தில் அரிவாளும் வரைந்தார். அதிலாவது யாருக்கு என்ன குற்றம் தெரியப்போகிறது?

"இது நாங்க பிரிஞ்சு வந்த கட்சியோட சின்னம் சார்" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர், மனம் நொந்து. "கதிரை வேணும்னா வைங்க, அரிவாளை வேணும்னா வைங்க. சேத்து வைக்காதீங்க."

ஏர் மாடு இரண்டை வரைந்ததும் அது யாருடைய சின்னம் என்று பெரியநாயகசாமிக்கே நினைவுக்கு வந்து, யாரும் வாய் திறப்பதற்குள் ஒரு மாட்டை அழித்தார். ஒற்றை மாட்டோடு எவன் உழுவான் என்று கேட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் உழவு சம்பந்தப்பட்ட எதையும் கட்சி இல்லாமல் வரைய முடியாது என்கிற ஞானம் அன்றைக்குத்தான் அவருக்குப் பிறந்தது. கடைசியில் காலைக்கு ஒரு சேவல், மாலைக்கு வீடு திரும்பும் கொக்கு என்று முடித்தார். கரியில் வரைந்தாலும் சேவலின் கொண்டை சிவப்புதானே என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாசில்தார் முறைத்ததும் அடங்கியது.

மத்தியானத்துக்கு மேல் கூலிக்கு வந்தார்கள். குரல் ஏறி, இறங்கி, மேசை தட்டி, தண்ணீர் குடித்து, அதிசயமாக ஒரு முடிவும் வந்தது. போன வருஷத்தைவிட ஒரு மரக்கால் நெல் கூடுதல். தாசில்தார் நெற்றி வியர்வையைத் துடைத்தார். எழுதி வைத்திருந்ததை ஒரு பார்வை பார்க்கும்படி இராஜாங்கத்திடம் நீட்டினார்.

"கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். படத்துலயே பாத்துக்கிறேன்" என்றார் இராஜாங்கம். வழக்கமாக அவர் பின்னால் நின்று காதில் ஓதும் கணக்குப்பிள்ளையும் அன்றைக்கு வரவில்லை. அவனை வேலையை விட்டே விரட்டிவிட்டார் என்று கேள்வி.

பெரியநாயகசாமி மரக்காலை வரையத் தொடங்கினார். இனி எந்தக் கட்சியும் குறுக்கே வராது என்ற நிம்மதியில் நெல்லை அள்ளி அள்ளிக் கொட்டினார். விளிம்புக்கு மேலே கோபுரமாகக் குவித்து, உச்சியில் நாலைந்து நெல்மணி உருண்டு விழுவதாகவும் காட்டினார். என்ன அழகு!

"நிறுத்துங்க" என்றார் இராஜாங்கம், அறையின் அந்தக் கோடியிலிருந்து. "மரக்காலுக்கு மேல நாலு விரக்கடை குவிச்சிருக்காரு. நான் ஒத்துக்கிட்டது தலை தட்டின மரக்கால்."

கண்ணாடி இல்லாமலே இத்தனை பார்வையா என்று வாத்தியார் வியந்து முடிப்பதற்குள் பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள். "நாங்க ஒத்துக்கிட்டது படத்துல இருக்கிறதைத்தாங்க. குவிச்ச மரக்கால்."

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டியதெல்லாம் சரிந்தது. குவித்த மரக்காலா, தட்டின மரக்காலா என்பது அந்த ஊரில் பாட்டன் காலத்துச் சண்டை. நாள் முழுதும் ஒருவரும் அதன் பக்கம் போகாமல் ஜாக்கிரதையாகத் தாண்டித் தாண்டி வந்தார்கள். வாத்தியார் அழகுக்கு ஆசைப்பட்டு அதை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பதறிப்போய்த் துணியை எடுத்துக் குவியலைத் துடைத்தார். மரக்கால் தட்டையானது. சங்கத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். மறுபடி குவித்தார். மிராசுகள் செருப்பைத் தேடினார்கள். தாசில்தார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். போலீசுக்குச் சொல்லி அனுப்பத்தான் என்று பெரியநாயகசாமிக்குப் புரிந்தது. நாளைக்கு யாராவது செத்தால் அதற்குக் காரணம் தன்னுடைய ஒரு கரிக்கோடு. கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையால் குவியலை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது கோபுரம் இல்லை. தட்டையும் இல்லை. கரி ஈஷிக்கொண்டு, விளிம்புக்கு மேலே லேசாக ஒரு மேடு நின்றது. குழந்தைக்கு வைத்த பால்சோறு போல.

இராஜாங்கம் எழுந்து வந்து படத்தின் முன் நின்றார். பொன்னுத்தாயும் வாசலிலிருந்து திரும்பி வந்து நின்றாள். இரண்டு பேரும் வெகுநேரம் அந்த மேட்டையே பார்த்தார்கள்.

"குவிச்சு, கையால ஒரு தடவை தடவிவிட்டா இப்படித்தான் நிக்கும்" என்றாள் பொன்னுத்தாய் மெதுவாக. "இவ்வளவு வைப்பீங்களா ஐயா?"

"இவ்வளவுன்னா வைக்கலாம்" என்றார் இராஜாங்கம். "கண்ணால பாத்தாச்சு. நாளைக்கு எவன் வந்து எதைப் படிச்சுச் சொன்னாலும் எனக்கு இதுதான்."

வாத்தியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பொன்னுத்தாய் எல்லோரும் பார்க்கும்படி கட்டைவிரலை மையில் தோய்த்து, படத்தின் கீழே அழுத்தமாக வைத்தாள். இராஜாங்கம் பேனாவை வாங்கி, பெயரின் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி வலமிருந்து இடமாகச் சுழித்துச் சுழித்துக் கொண்டுவந்து, முதல் எழுத்தில் ஒரு வளைவோடு முடித்தார். இப்படி ஒரு கையெழுத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, எழுதவில்லை, வரைகிறார் மனுஷர் என்று பெரியநாயகசாமி மெய்ம்மறந்து நின்றார்.

மழைக்கு முன்னால் அறுப்பு முடிந்தது. களத்துமேட்டில் பந்தற்காலில் அந்தப் படத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே அளந்தார்கள். ஒரு சின்னக் கீறல் இல்லை யார் மண்டையிலும். இராஜாங்கமே முதல் மரக்காலைக் குவித்து, புறங்கையால் வாத்தியார் மாதிரியே தடவிவிட்டாராம்.

பெரியநாயகசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேளாங்கண்ணிக்குப் போய் நேர்ந்த மெழுகுவர்த்தியை வைத்தார். வளைவுகளைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு ஆள் உயரம் வந்தது. திரும்பும்போது அவருக்கு ஒரு எண்ணம். இத்தனை பெருமையும் எழுத்துத் தெரியாத அந்தப் பெண்ணால் வந்தது. அவளுக்கு நாலெழுத்துச் சொல்லிக்கொடுக்காவிட்டால் நான் என்ன வாத்தியார்? நாகப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு சிலேட்டும் பலப்பமும் பெரிய எழுத்து அரிச்சுவடியும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் லியாகத் அலியின் டீக்கடைக்குப் போனார். பொன்னுத்தாய் வேலைக்குப் போகும் வழியில் அங்கே நிற்பாள் என்று சொல்லியிருந்தார்கள்.

நின்றுகொண்டுதான் இருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். அவள் கையில் அன்றைய செய்தித்தாள். சட்டசபை விவாதத்தைத் தடங்கலில்லாமல் கணீரென்று படித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே மந்திரியின் பதிலுக்கு விளக்கமும் சொன்னாள்.

பெரியநாயகசாமி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிலையாக நின்றார்.

"பாய், இவங்களுக்கு எழுத்துத் தெரியாதுன்னு…"

"இந்தக் கடையில அஞ்சு வருஷமா பேப்பர் படிக்கிறதே அதுதான் சார்" என்றார் லியாகத் அலி, டீயை ஆற்றியபடி.

"அப்ப எதுக்கு அன்னைக்கு என்னை வரவழைச்சுப் படம் போடச் சொன்னாங்க?"

லியாகத் அலி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் கணக்குப்பிள்ளை காயிதத்துல ஒண்ணு இருக்க, வேற ஒண்ணைப் படிச்சுச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டான்; நாலு பேரு முன்னால அவரு மானம் போவக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு தனக்குத் தெரியாதுன்னுச்சு. சிலேட்டை வீணாக்காதீங்க சார், இராஜாங்கம் மிராசு வீட்டுக் கொல்லைப்பக்கமாப் போயி குடுத்துட்டு வந்துடுங்க."