அண்ணனின் குளியலறையும் கொண்டலாத்தியும்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கின்மென் தீவிலிருந்து தம்பி தியெங்ஹோக் பணிவுடன் எழுதுவது. நானும் மனைவி கிம்லியானும் நலம். சிங்கப்பூரில் உங்கள் முட்டி வலியும் அண்ணியின் இரத்தக் கொதிப்பும் அடங்க வேண்டி முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றினோம்.

நீங்கள் வருவதற்குள் பழைய சமையலறைச் சுவரை இடித்துக் குளியலறை கட்டச் சொன்னீர்கள். அண்ணா, அந்தச் சுவரைத் தொட முடியாது. அதற்குள் கொண்டலாத்தி குஞ்சு பொரித்திருக்கிறது. ஆமாம், கல்லறைப் பொந்தில் வாழ்வது, வீட்டுக்குள் வந்தால் சாவு என்று அப்பா கல்லால் அடிப்பாரே, அதேதான். பதற வேண்டாம், முழுவதும் படியுங்கள்.

தீவின் பறவைகளைக் கணக்கெடுக்க ஆள் கேட்டார்கள். ஓய்வு பெற்றபின் நாள் முழுக்கக் கிம்லியான் கண்ணில் படாமலிருக்க எனக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா, சேர்ந்துவிட்டேன். முதல் நாள் செம்போத்தைக் கோழி என்று எழுதினேன், மறுநாள் பக்கத்து வீட்டுக் கோழியைச் செம்போத்து என்று எழுதினேன், குழுத் தலைவி லின் அம்மா பொறுமைசாலி, பைனாகுலரை நான் திருப்பிப் பிடித்திருப்பதாக மட்டும் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் பூஹின் சுவரை இடிக்க வந்து, ஓட்டைக்குள் கையை விட்டிருக்கிறான். குஞ்சுகள் பின்பக்கத்தைத் திருப்பிப் பீய்ச்சிவிட்டன. அழுகிய சிப்பி நாற்றம், அண்ணா. உங்களுக்கென்று வைத்திருந்த சோளச் சாராயம் முழுவதும் அவன் கை கழுவவே போயிற்று.

"பேய் வீட்டையே இடிச்சவண்ணே நான். இந்த நாத்தத்துக்கு நான் ஆளில்ல" என்று மண்வெட்டியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான்.

லின் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். தாய்ப்பறவை வெட்டுக்கிளியுடன் வந்து இறங்கி, விசிறி விரித்ததுபோல் கொண்டையை விரித்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த வருஷம் நம்ம பகுதியில கிடைச்ச முதல் கூடு. கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைத்தான் எழுதப் போறேன்." படகுத்துறையில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவன் நான். எதையாவது கண்டுபிடித்தாய் என்று என்னிடம் யார் சொன்னார்கள்? கால் தரையில் நிற்கவில்லை. கிம்லியானுக்குத்தான் பயம், பறவையை விரட்டியே ஆகவேண்டும் என்று சண்டை போட்டாள். மதியம் பார்த்தால் சுவரடியில் உட்கார்ந்து விளக்குமாற்றால் பூனையை விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ள பெத்த வீடு. செருப்புச் சத்தம் போடாம நில்லுங்க" என்கிறாள் என்னிடம்.

ஆகவே அண்ணா, சுவர் நிற்கட்டும். நீங்கள் வாளியில் குளித்துக்கொள்ளலாம். பறவை வந்து இதுவரை யாரும் சாகவில்லை. பூஹின் மட்டும் செத்துவிடலாம் போலிருக்கிறது என்றான்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். உங்கள் ஆயுள் நீளட்டும், கோபம் குறையட்டும்.

அன்புத் தம்பி,
தியெங்ஹோக்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் குஞ்சுகள் எல்லாம் நல்லபடியாகப் பறந்துவிட்டன. காலிக் கூட்டைப் பார்க்க ஏணி சாத்தி ஏறினேன், சுவர் என்னோடு சேர்ந்து விழுந்துவிட்டது. எனக்குச் சிராய்ப்புதான். கிம்லியான் என்னுடன் பேசுவதில்லை. பூஹினைக் கெஞ்சி வரவழைத்திருக்கிறேன், குளியலறை கட்ட அல்ல, அதே சுவரை அதே ஓட்டையோடு எழுப்ப. உங்களுக்கு விடுதியில் அறை சொல்லிவிட்டேன். அங்கே குளியலறை பிரமாதமாம்.