கெட்டிலுக்கு யார் மாமியார்?

காது படைத்தவர்களெல்லாம் மூன்றாவது மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரிக்கரை ஓட்டலின் ஸ்பாவில் நீராவிக் குளியல் உண்டு, எண்ணெய் மசாஜ் உண்டு, கண்மேல் வெள்ளரிக்காய் வில்லை வைத்துக்கொண்டு செத்த பிணம்போல் கிடக்கும் பாக்கியமும் உண்டு. இப்போது அவற்றைச் சீந்துவார் இல்லை. எல்லாருக்கும் வேண்டியது காதுத்திரி. எல்லாரும் தேடுவது அதை ஏற்றிவைக்கும் 'செவித்தாய்' என்ற அம்மாளை.

விஷயம் இதுதான். மெழுகில் தோய்த்த துணியைக் குழலாகச் சுருட்டிய ஒரு சாண் திரி. நீங்கள் ஒருக்களித்துப் படுக்கவேண்டும். திரியின் ஒரு முனை உங்கள் காதில், மறுமுனையில் நெருப்பு. பிறந்த நாள்முதல் உங்களைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் பேசிய பேச்செல்லாம் காதுக்குள் படிந்து கிடக்கிறதாம். நெருப்பு அதை உறிஞ்சி எடுத்துவிடுமாம். முக்கால்வாசி எரிந்ததும் அணைத்து, மிச்சத் துண்டைப் பிளந்தால் உள்ளே மஞ்சள் பொடி. அந்தப் பொடியைப் பார்த்தே, பேசியது யாரென்று செவித்தாய் சொல்லிவிடுவாள். வங்கி மேலாளர் வரிசையில் நின்றார். பல் டாக்டர் நின்றார். காது டாக்டர் ஒருவர்கூட நின்றதாகக் கேள்வி. அவர் மட்டும் முகத்தைத் துண்டால் மூடியிருந்தாராம்.

நம் அண்ணியும் நின்றாள். மின்தடைப் புகார் எண்ணில் பதினோரு வருடமாகப் போன் எடுப்பவள். ஊரில் விளக்கு அணைந்தால் திட்டு விழுவது அவளுடைய வலது காதில்தான். புருஷனையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு, நாத்தனாரோடு மூன்று நாள் ஓய்வெடுக்க வந்திருந்தாள். முதல் நாள் மசாஜ் மேஜையிலேயே தூங்கிப்போய், எழுப்பியதும் "வணக்கம், உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க" என்றாள். நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். ஓய்வென்றால் அது ஓய்வு. இரண்டாம் நாள்தான் வினை.

செவித்தாய் பொடியைப் பார்த்தாள். அண்ணியின் காதுக்கு மேல் ஹெட்போன் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தடத்தையும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஐயோ, எவ்வளவு திட்டு! அதுவும் இந்த ஒரு காதுலயே!"

அண்ணிக்குக் கண்ணீர் முட்டியது. இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிப் பரிந்து பேசியதில்லை.

"அது ஊரார் பேச்சு, போகட்டும். அடியில கறுப்பா இருக்கு பாரு. உன் புருஷன்கூடப் பொறந்தவ. உன்கூடவே வந்திருக்கா, உன் ரூம்லயே படுக்கிறா. ஏழு தடவை திரி வெச்சாதான் இது போகும். அப்புறமும் அவளை வீட்டு வாசப்படி ஏத்தாதே."

வரவேற்பறைப் படிவத்தில் 'உடன் வந்தவர், உறவுமுறை' என்ற இடத்தில் 'நாத்தனார்' என்று எழுதியது யார்? அண்ணியேதான். அழுகிற நேரத்தில் படிவமா ஞாபகம் வரும்?

அறைக்கு வந்து பெட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"எனக்கு வேற ரூம் கேட்டிருக்கேன்."

"ஏன் அண்ணி, குறட்டை விட்டேனா?"

"என் முதுகுக்குப் பின்னாடி என்ன பேசினே? பொடியில எல்லாம் வந்துடுச்சு. இனிமே நீ எங்க வீட்டுக்கு வர வேணாம்."

நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணியின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கால் வீங்கியவள் அவள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க டீயில சர்க்கரையை அள்ளிக் கொட்டறதைப் பத்தி ஊர் பூரா பேசியிருக்கேன். அது பொறாமை இல்ல அண்ணி, பயம். அதை விடுங்க. காலி எடை போட்டாங்களா?"

"என்னது?"

நாத்தனாருக்கு லாரி எடைமேடையில் வேலை. "லாரி சரக்கோட வந்து நின்னா, இத்தனை டன் சரக்குன்னு எழுதிக் குடுத்துடுவேனா? வெறும் வண்டி எவ்வளவுன்னு தெரிய வேணாமா? காதே இல்லாம திரியை எரிச்சா என்ன வருதுன்னு யாராவது பாத்தாங்களா?"

அண்ணி பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். 'முதல்ல மெயின் சுவிட்ச் போட்டிருக்கான்னு பாருங்க' என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்பவள் அவள்.

கீழே கடையில் அதே திரி விற்றார்கள். ஒன்று வாங்கி வந்தார்கள். அறையில் காது மாதிரி ஓட்டை உள்ளது எது என்று தேடியதில், நீள மூக்கு வைத்த கெட்டில் அகப்பட்டது. பால்கனியில் அதன் மூக்கில் திரியைச் செருகி எரித்தார்கள். அணைத்துப் பிளந்தார்கள். மஞ்சள் பொடி! அடியில் கறுப்பும் இருந்தது.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னை ரெண்டு அறை விடு."

"அது அப்புறம். நாளைக்கு அந்தம்மாகிட்ட நான் பேசறேன்."

"வேணாம். நானே பேசறேன்" என்றாள் அண்ணி.

மறுநாள் காலையில் செவித்தாயின் கூடம் நிரம்பி வழிந்தது. அண்ணி திரித்துண்டை நீட்டினாள். புகார் எண்ணில் பேசுகிற அதே தேன்குரல்.

"எங்க ரூம்லயே இருக்காங்க. நடக்க முடியாது. வாயே பேச மாட்டாங்க. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

செவித்தாய் பிளந்து பார்த்து மார்பில் கை வைத்தாள். "பாவம், உள்ளுக்குள்ளயே கொதிக்கிற ஜீவன்! எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தும் நல்ல பேர் இல்ல. மாமியார் பேசின பேச்சுதான் இவ்வளவும். ஏழு தடவை வைக்கணும், கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டே வந்திருக்கோம்" என்று நாத்தனார், மேலே போர்த்தியிருந்த துவாலையை விலக்கிக் கெட்டிலை மேஜைமேல் வைத்தாள். "இந்த மூக்குலதான் திரி எரிஞ்சது."

வங்கி மேலாளர்தான் முதலில் கேட்டார்.

"கெட்டிலுக்கு யாருங்க மாமியார்?"

சிரிப்பு வெடித்தது. செவித்தாய் அசரவில்லை. "ஜடப் பொருளும் பேச்சைக் கேக்கும்!"

"அப்படியா? இதோ, இப்பதான் பிரிச்ச புது டம்ளர். இதையும் யாரு திட்டினாங்கன்னு பாத்துடலாம்" என்று பல் டாக்டர் ஒரு காகித டம்ளரின் அடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகி, எல்லார் முன்னிலையிலும் பற்ற வைத்தார். பிளந்தார். மஞ்சள் பொடி. எரிந்த மெழுகும் கருகிய துணியும் தவிர அதில் எதுவுமில்லை. மாதக்கணக்கில் காதில் பூச்சுற்றியவளின் சாயம் ஒரு டம்ளரில் வெளுத்தது. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள், அழுக்குத் துண்டு இறக்கும் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டாள் செவித்தாய்.

அன்று மசாஜ் செய்யும் பெண்களுக்குக் கை ஓயவில்லை. இதமான எண்ணெய், பதமான கை, வலித்த தோள் இளகியது. அதற்கு யாருடைய வயிற்றெரிச்சலும் தேவைப்படவில்லை.

நீராவி அறையில் நாத்தனார் கேட்டாள். "அண்ணி, நிஜமாவே போன்ல அவ்வளவு திட்டுவாங்களா?"

அண்ணி சொல்ல ஆரம்பித்தாள். பதினோரு வருடக் கதை. திரி இல்லாமலே காது லேசானது.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடமிருந்து பாரம் இறக்கினேன் என்று எவராவது பொடியைக் காட்டினால், காலி வண்டியின் எடையைக் கேளுங்கள். கேட்டதும் அவருக்குக் கோபம் வருகிறதா? வண்டியில் சரக்கே இருந்ததில்லை.