பட்டப்பகலில் இருட்டு தேடியவர்

மலாக்கா மாநிலத்திலேயே பட்டப்பகலில் இருட்டைத் தேடி அலைந்த ஒரே மனிதர் எங்கள் அலோர் காஜா ஊர் டாங்கி அண்ணன்தான். கூரைக்குத் தண்ணீர் டாங்கி செய்து விற்பது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது, அவருக்கே சந்தேகம்தான். பக்கத்துக் கடையில் நான் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கோயில் அன்னதானத்தில் அவர் டாங்கி ஒழுகி, பந்தியே இலையும் கையுமாக எழுந்து ஓடியது. அன்றிலிருந்து ஊர் அவரை 'ஓட்ட டாங்கி' என்றது. மனிதர் நொந்துபோனார்.

அந்தச் சமயத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வைத்தியம் பார்ப்பவர் அல்ல, வானத்தை ஆராய்கிற அம்மா. விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதினால் துகள்கள் மழையாகக் கொட்டுமாம். அவை தண்ணீருக்குள் பாயும்போது மினுக்கென்று நீல வெளிச்சம் வருமாம். அதைப் பிடித்து மாணவர்களுக்குக் காட்ட, வெளி வெளிச்சம் துளியும் நுழையாத மூன்று டாங்கிகள் வேண்டும். அதுவரை வாங்கிப் பார்த்தவை எல்லாம் தோற்றுவிட்டன.

"நான் செஞ்சி தரேன் டாக்டர். வெளிச்சம் பூந்துச்சுன்னா தொழிலையே விட்டுர்றேன்லா!" என்று அண்ணன் சவால் விட்டார்.

அவர் சோதிக்கும் விதம் உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்காது. உச்சி வெயிலில் காலி டாங்கிக்குள் இறங்கி, மூடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருப்பார்.

"மேல ஒரு நட்சத்திரம் தெரியுது. டேப் போடு தம்பி!" என்று உள்ளிருந்து குரல் வரும். நான் கறுப்பு டேப்போடு சுற்றிச் சுற்றி ஓடுவேன். அவர் மனைவி பொன்னக்கா வந்து டாங்கியைத் தட்டுவார்.

"என்னங்க, சோறு ஆறுது."

"மூடியத் தொறக்காத! கண்ணு இப்பத்தான் இருட்டுக்குப் பழகுது!"

சோதனை நாளன்று ஊரே கூடிவிட்டது. டாங்கிகளில் தண்ணீர் நிரப்பி, ஒளியை உணரும் கருவியைப் பொருத்தி, மூடிகளை மூடி, டாக்டர் கணினியைத் தட்டினார். அடுத்த நொடியே பதறி நிறுத்தினார்.

"முதல் டாங்கிக்குள்ள வெளிச்சம் பூருது அண்ணே."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரித்தவர்களை எல்லாம் கத்தரிக்கோலோடு துரத்த வேண்டும்போல் இருந்தது. அண்ணன் மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த நூல்! மூடிக்கடியில் சிக்கி, நூலளவு இடைவெளி விட்டிருந்தது.

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னு நாந்தான் காலையில கட்டுனேன்" என்று பொன்னக்கா கலங்கினார்.

"ஒன் மேல தப்பில்ல புள்ள. வெளியில கைப்பிடியில கட்டு" என்று அண்ணன் நூலை உருவிக் கொடுத்துவிட்டு, மூடியை அழுத்தி மூடினார்.

டாக்டர் மறுபடி கணினியைத் தட்டினார். மூன்று டாங்கிகளும் கும்மிருட்டு! சற்று நேரத்தில் திரையில் மூன்று கோடுகளும் ஒரே கணத்தில் எகிறின.

"மழை அண்ணே! மூணுலயும் ஒண்ணா விழுந்திருக்கு!" என்று டாக்டர் துள்ளினார்.

"காமாதானா?"

"மூணு டாங்கிய வெச்சு அதச் சொல்ல முடியாது. மலை உச்சியில நூத்துக்கணக்குல வைக்கணும். ஆனா வானத்துலேருந்து வந்தது நிச்சயம். உங்க டாங்கி அதப் பிடிச்சிருச்சு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதன்பிறகு 'ஓட்ட' என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. டாக்டர் இன்னும் இருபது டாங்கி கேட்டார்.

இருபதிலும் அண்ணனே உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்துத்தான் அனுப்பினார். அத்தனை தடவையும் நான் கடையைச் சாத்திவிட்டு, வெயிலில் நின்று அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். அந்த மனிதரை இருட்டில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.