அமிர்தசாமி வைத்த தோப்பு

அமிர்தசாமி மாங்கன்றின் பையைக் கிழித்து, கன்றைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மண் உதிர்ந்தது. கையில் மிஞ்சியது ஒரு குச்சி. மேல் முனையில் நாலு இலை, கீழ் முனையில் கத்தி வெட்டிய அடையாளம்.

"வேரு எங்கடா?"

சைக்கிளில் கன்று கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிற கண்ணாயிரம் அதற்குள் பெடலில் காலை வைத்திருந்தான்.

"நீ கொடுத்த காசுக்கு மேல்பாகந்தான் வரும்ணே. வேரு தனி ரேட்டு."

சொன்னவன் மரக்காணம் உப்பளச் சாலைத் திருப்பத்தில் மறைந்துபோனான். அமிர்தசாமி அடுத்த பையைக் கிழித்தார். அதுவும் குச்சி. அதற்கடுத்ததும் குச்சி. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி ஆனந்தம்மாள் தலை நிமிராமலே கேட்டாள்.

"எல்லாம் அப்படித்தானா?"

"எல்லாம் அப்படித்தான்."

"பத்திரமா வைங்க. எங்க அண்ணன் வரும்போது ஆளுக்கொண்ணு ஊனிக்கினு நிக்கலாம்."

அண்ணன் என்றதும் அமிர்தசாமி குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மேத்யூ சென்னையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வீட்டை ஒட்டிக் கிடக்கும் ஒன்றரை ஏக்கர் பொட்டல், அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் இருந்தது. அதில் இறால் பண்ணை போட ஒரு கம்பெனி கேட்கிறது என்று மேத்யூ புரோக்கரையே பிடித்துவிட்டார். குட்டை வெட்டிக் கடல் தண்ணீரை விட்டால் பக்கத்துக் கிணறு என்ன ஆகும்? சுனாமி வந்துபோன பிறகு அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் மிஞ்சியது ஆனந்தம்மாளின் கிணற்றில் மட்டும்தான். தெருவே அங்கேதான் குடத்தோடு வரும். அவள் அழுது, சண்டை போட்டு, கடைசியில் அண்ணனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் நிலத்தைத் தோப்பாக்கிக் காட்டினால் அவர் விட்டுவிடுவார். பொட்டலாகவே கிடந்தால் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

தோப்பாக்குகிற பொறுப்பை அமிர்தசாமி ஏற்றுக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. அவர் உப்பளத்து மேஸ்திரி. மலை மலையாக உப்பை லாரி ஏற்றி அனுப்புகிற மனிதர், வீட்டு ரசத்துக்கு உப்புப் போடும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அப்படிப்பட்டவர் மரம் வாங்கப் போனால் எப்படிப் போவார்? சல்லிசாக எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டுதான் போவார்.

கண்ணாயிரத்துக்கு அடுத்தபடியாக, குயிலாப்பாளையம் பக்கம் கன்றுகள் மலிவு என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போனார். ஆரோவில்காரர் ஒருவர், வெள்ளைக்காரர், வேட்டியும் தாடியுமாகக் கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அழகாகத் தமிழ் பேசினார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"மண்ணு எப்படி?"

"மண்ணு மாதிரிதாங்க இருக்கும்."

"மழைத் தண்ணி நிக்க வரப்பு இருக்கா? வேலி இருக்கா? ஆடு வருமா? கோடையில யாரு தண்ணி ஊத்துவாங்க?"

அமிர்தசாமிக்கு வியர்த்தது. பெண் கொடுக்கிறவன்கூட இத்தனை கேட்கமாட்டான்.

"முதல்ல வேலி போடுங்க. அப்புறம் வாங்க, நல்ல கன்னா தர்றேன்," என்று சிரித்தார் அவர்.

வேலிக்கு விசாரித்தால், அது கன்றைவிடப் பல மடங்கு ஆனது. வெறுங்கையோடு வந்து படுத்துக்கொண்ட அமிர்தசாமியை ஆரோக்கியராஜ்தான் எழுப்பி உட்கார வைத்தான். ஆனந்தம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை மகன். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வருகிற உதவிச் சங்கங்களுக்கெல்லாம் ஜீப் ஓட்டுகிறவன்.

"ஏன் பெரிப்பா காசு கொடுத்து வாங்குறீங்க? மரம் நட எடம் கெடைக்காம இவங்க அலையுறாங்க. எடத்த மட்டும் காட்டுங்க. கன்னு அவங்களுது, குழி அவங்களுது, டீ சமோசாவும் அவங்களுது."

அமிர்தசாமியின் காதில் விழுந்தது 'அவங்களுது' மட்டும்தான். எழுந்து முகம் கழுவிக்கொண்டார்.

அடுத்த வாரமே பொட்டலில் ஷாமியானா எழும்பியது. பளபளக்கிற ஷூ போட்ட சங்கத் தலைவர் வந்தார். கன்றைக் குழியில் வைத்தார், ஒரு கைப்பிடி மண் போட்டார், செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேமராவைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாயிரத்திடம் பாடம் படித்திருந்த அமிர்தசாமிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது.

"டேய், பையைக் கிழிக்காம நடுறாங்களே?"

"கிழிச்சா எப்படி பெரிப்பா திரும்ப எடுக்குறது?"

சொல்லி வாய் மூடவில்லை. கன்றுகள் குழியிலிருந்து வண்டிக்கு ஏறிவிட்டன. பெரிய முதலியார்சாவடியில் சாயங்காலம் அதே கன்றுகளுக்கு இன்னொரு விழாவாம். பொட்டலில் மிஞ்சியது குழிகளும், நாலு சமோசாவும், 'பசுமைக் கரை' என்று எழுதி சிமெண்டு போட்டு நிறுத்திய ஒரு போர்டும்.

"போர்டுக்குத் தண்ணி ஊத்துங்க. வளர்ந்தாலும் வளரும்," என்றாள் ஆனந்தம்மாள்.

அமிர்தசாமி அசரவில்லை. அடுத்த சங்கத்திடம் கறாராகப் பேசினார். கன்றை விட்டுவிட்டுப் போனால்தான் நிலத்தில் கால் வைக்கலாம். அவர்களும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். 'நினைவு வனம்' என்று போர்டும் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் அதே தெரு குப்பம்மாளின் ஆடுகள் பந்தியை முடித்துவிட்டு அசை போட்டுக்கொண்டிருந்தன. அமிர்தசாமி கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட, குப்பம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"ஏன் மேஸ்திரி, இன்னா கன்னு நட்ட? என் ஆட்டுக்கு விடியகாலையிலேர்ந்து வயித்தால போவுது. யாரு வைத்தியம் பாக்குறது?"

இலவசக் கன்றுக்காக அமிர்தசாமி செய்த முதல் செலவு ஆட்டு வைத்தியம்.

மூன்றாவதாக வந்தவர்களுக்குப் பின்னணியில் கடல் தெரிய வேண்டியிருந்தது. கடல் தெரிகிற இடத்தில் ஆட்டுக்குத் தப்பிய ஏழெட்டுக் கன்றுகள் நின்றன. அவற்றைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அதே குழிகளில் தங்கள் கன்றுகளை நட்டார்கள். அடுத்தவர்கள் அதையும் பிடுங்கினார்கள். 'பிடுங்காதீங்கய்யா' என்று அமிர்தசாமி கெஞ்சினால், அவர் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்து வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கலைந்த தலையோடு அவர் படம் பேப்பரில் வந்தது. உப்பளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சுனாமிக்கு ஓராண்டு நெருங்க நெருங்க விழாக்களும் நெருங்கின. ஐப்பசியில் கொட்டிய பேய்மழையில் இருந்த கன்றுகளும் மிதந்து உப்பளத்துப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தன. போர்டுகள் மட்டும் அசையவில்லை. கன்றுக்குக் கைப்பிடி மண், போர்டுக்குக் கான்கிரீட் அல்லவா!

மார்கழி பிறந்தது. பொட்டலில் தகரப் போர்டு, கருங்கல் போர்டு, ஃபிளெக்ஸ் போர்டு. ஒரு பச்சை இலை கிடையாது. அமிர்தசாமிக்குத் திடீரென்று ஒரு யோசனை. இத்தனை போர்டையும் பிடுங்கி வரிசையாகக் கட்டினால் வேலி ஆயிற்று. வேலி இருந்தால் வெள்ளைக்காரர் கன்று கொடுப்பார். கடப்பாரையோடு கிளம்பியவரை ஆரோக்கியராஜ் ஓடிவந்து கட்டிப் பிடித்தான்.

"பெரிப்பா, கை வெச்சிடாதீங்க! எல்லாம் பேப்பர்ல வந்திருக்குது. ஒவ்வொரு போர்டுக்குப் பின்னாலயும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு வக்கீலு. பக்கத்து ஊர்ல ஒருத்தரு போர்டக் கழட்டி ஆட்டுக் கொட்டாய்க்குக் கதவா வெச்சாரு. மறுநாளே நாலு ஜீப்பு வந்து நின்னுது!"

கடப்பாரை திரும்ப மூலைக்குப் போயிற்று. சாப்பிட உட்கார்ந்த அமிர்தசாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனந்தா, காசப் பாக்காம முதல்லயே வேலியப் போட்டிருக்கணும்."

வழக்கமாக இதற்கு ஒன்பது பதில் வைத்திருக்கும் ஆனந்தம்மாள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக மேத்யூவின் கார் வந்தது. கூடவே புரோக்கர் நடராசன், கக்கத்தில் பையும் கையில் செல்போனுமாக.

"இன்னா மாப்ள, தோப்பு எங்க?" மேத்யூ கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பொட்டலைத் தேடினார். "எனக்குத்தான் கண்ணு தெரியலயா?"

"வந்துட்டுதான் இருக்குது மச்சான்," என்றார் அமிர்தசாமி.

"எந்த பஸ்ல?"

ஆனந்தம்மாள் கிணற்றில் தண்ணீர் சேந்தி, ஒரு சொம்பை நடராசனிடம் நீட்டினாள்.

"குடிங்க. அடுத்த வருஷம் வந்தா இது கெடைக்காது."

நடராசன் மடக்மடக்கென்று குடித்தார். "தண்ணி கல்கண்டும்மா," என்று வாயைத் துடைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

"வாக்குன்னா வாக்குதான்," என்று மேத்யூ பேனாவைத் திறந்து தங்கையின் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமிர்தசாமிக்கு அந்த உப்பள வெயிலில் உருகிப்போகலாம் போலிருந்தது.

நடராசன் முதல் போர்டின் முன் நின்று படித்தார். இரண்டாவதையும் படித்தார். 'பல்லுயிர்க் காடு' போர்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த குப்பம்மாளின் ஆட்டை விலக்கிவிட்டு அதையும் படித்தார். பிறகு நடை வேகமானது. கடைசிப் போர்டின் அடியில் பெரிய பெரிய பெயர்களாக வரிசையாக எழுதியிருந்தது. அதைப் படித்து முடித்ததும், பாம்பை மிதித்தவர் போல வரப்புக்கு மேலே தாவி வந்து நின்றார்.

"இன்னா நடராசா, பத்திரத்த எடு. ஒரு செடிகூட இல்ல, ஜேசிபிக்கு வேலையே கம்மி," என்றார் மேத்யூ.

நடராசன் பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பொட்டலுக்கே கேட்கும்படி கம்பெனி முதலாளியிடம் ரகசியம் பேசினார்:

"சார், மரக்காணத்து எடம் நமக்கு வேணாம் சார், உட்ருங்க... ஐயோ, மம்மட்டி வெச்சா உள்ள போட்டுடுவாங்க சார், இது அடர்ந்த காடு!"